எண் இல்லாத கூடு

காலை ஏழரைக்கு
வெள்ளெலிகளைக் குழாய்க்குள் இறக்குவேன்.
மூக்கு மட்டும் வெளியே தெரியும்,
இளஞ்சிவப்பாய், ஈரமாய்,
பஸ்ஸில் யன்னலோரம் கிடைத்தவரின் மூக்கைப்போல.
ஆறு மணித்தியாலம். கிழமையில் ஐந்து நாள். இரண்டு வருஷம்.
சனி ஞாயிறு அவற்றுக்கும் லீவு.

முதலாம் குழுவின் காற்றில் கண்ணாடிப் பஞ்சு கூட.
இரண்டாம் குழுவுக்குக் கொஞ்சம் குறைய.
மூன்றாம் குழுவுக்கு வெறும் காற்று,
வடிகட்டிய, நல்ல காற்று.
ஆனால் அதே குழாய், அதே ஆறு மணித்தியாலம்.
ஒப்பிட ஆள் வேண்டுமே.

"ஆய்வுகூடத்தில் வேலை" என்றால்
இரத்தம் சோதிப்பதென்று அம்மா நினைக்கிறா.
நினைக்கட்டும்.

நுணுக்குக்காட்டியில் ஒரு நார்,
தலைமயிரை நூறாகக் கிழித்த மெலிவு.
அதை விழுங்கப் போன காவற்கலம்
பாதியில் நிற்கிறது,
ஏணியைக் குறுக்கே கவ்விக்கொண்டு
வாசலுக்குள் நுழையப் பார்க்கும் நாய்க்குட்டியாய்.
துப்பத் தெரியாது. விழுங்க ஏலாது.

கண்ணாடி நார் நாள்போக்கில் கரைகிறது, நடுவில் முறிகிறது.
அதை எழுதும்போது என் கை இலகுவாய் ஓடும்.
உலைகளின் உட்சுவரில் ஒட்டுகிற வெள்ளைப் பஞ்சு வேறு சாதி.
அது இருக்கும்.
இருந்துகொண்டே இருக்கும்.
அந்த அறையில் ஹாம்ஸ்டர்கள்.
நெஞ்சுச் சவ்வில் முதலில் கடுகளவு, பிறகு பயறளவு.
அறிக்கையில் அதற்கு நீளமான பெயர்.
நான் பயறு என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

'விலங்குக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேருமென்று
இதை மட்டும் வைத்துக் கூற இயலாது.'
சரியான வசனம். நான்தான் தட்டெழுதினேன்.
எழுத்துப்பிழை பார்த்து இரண்டு முறை வாசித்தேன்.

இரண்டு வருஷம் முடிந்த செவ்வாய்க்கிழமை
மூன்றாம் குழுவையும் கொல்ல வேண்டியிருந்தது.
நல்ல காற்றை மட்டும் இழுத்தவை.
நுரையீரல்கள் அப்படியே இருந்தன,
கழுவி உலரப் போட்ட கைக்குட்டை மாதிரி.
ஒரு குறையும் இல்லை என்று காட்ட
வேறு வழி இல்லை.

அன்றிரவு ஹாமில்ட்டனில் மைனஸ் பதினொன்று.
கூரைக்குள் சுரண்டல் சத்தம்.
வீட்டுக்காரர் அர்மேனியோ ஏணியோடு வந்தார்.
இருபத்தாறு வருஷம் இரும்பாலையில்
உலைக்குள் நுழைந்து பஞ்சு ஒட்டியவர்.
"வெள்ளைப் பஞ்சா?" என்றேன்.
"வெள்ளைதான். பனி மாதிரிப் பறக்கும்.
மத்தியானச் சாப்பாட்டை அதில் சுற்றி வைப்போம்,
சூடு ஆறாது."
சிரித்தார்.
முகமூடி ஒன்று கொடுத்தேன்.
வாங்கி, மூக்குக்கண்ணாடிபோல
நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

டோர்ச் அடித்தார்.
ரோஸ் நிறப் பஞ்சு, மூலைவரை, படுக்கை விரித்ததுபோல.
அதன் நடுவே
முதுகில் எவரும் கோடு போட்டுவிடாத கறுப்பு அணில்.
பிய்த்துப் பிய்த்துச் சுற்றிய கூடு.
உள்ளே கண் திறக்காத நாலு குட்டி.

எண்ணிவிட்டேன், பழக்கதோஷம்.
வாலைப் பார்த்தேன்: எண் இல்லை.
காதைப் பார்த்தேன்: துளை இல்லை.
எத்தனை மணித்தியாலம், எத்தனை நாள்,
யாரோடு ஒப்பிட?

"ஏப்ரல் மட்டும் இருக்கட்டும்," என்றார் அர்மேனியோ,
"பிறகு ஓட்டையை அடைப்போம்."
சட்டைக் கையைத் தட்டினார்.
வெளிச்சத்துக்குள் நார்கள் எழுந்தன,
ஒவ்வொன்றாய்ப் பளிச்சிட்டு
விழலாமா வேண்டாமா என்று தயங்கின.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
அவர் பேசிக்கொண்டே இறங்கினார்,
நேற்றைய ஆட்டத்தில் தவறிப்போன பெனால்டி பற்றி,
வசனத்துக்கு வசனம்
வாய் நிறையக் காற்றை அள்ளி.

அந்தச் சரியான வசனத்தைப்
போர்த்துக்கீச மொழியில் சொல்ல எனக்குத் தெரியாது.
தமிழிலும் தெரியவில்லை.

ஏணி ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.